விமானமும் வாய்மையும்

விமானத்தில் ஏறி அமர்கின்ற பயணி தன் உயிரைப் பலருடைய கையில் ஒப்படைக்கின்றான். அவர்களுள் பெரும்பாலோரை அவன் கண்டதும் இல்லை; இனிக் காணப்போவதும் இல்லை. இறக்கையை வரைந்த பொறியாளர், திருகாணியை முடுக்கிய தொழிலாளி, அது சரியாக முடுக்கப்பட்டதா என்று பார்த்து முத்திரையிட்ட மேற்பார்வையாளர், சரக்கறைக் கதவைத் தாழிட்ட சுமைப் பணியாளர், பறக்கத் தகுதியுடையது என்று சான்றளித்த அரசாங்க அதிகாரி, இறுதியில் விமானத்தைச் செலுத்தும் விமானி என்று அவ்வரிசை நீண்டு செல்லும். இவர்களுள் ஒருவர் தவறினாலும் மற்றொருவர் அதனைக் கண்டு கூறுவார். கூறினால் அது திருத்தப்படும். இந்த நம்பிக்கையின் மீதுதான் விமானம் பறக்கின்றது.

இந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண் போவதில்லை. இன்று உலகிலுள்ள ஊர்திகளுள் மிகவும் பாதுகாப்பானவற்றுள் விமானமும் ஒன்று. ஒவ்வொரு விபத்தையும் துருவி ஆராய்ந்து, காரணத்தைக் கண்டு, அது மீண்டும் நேராதவாறு தடுத்தமையால் வந்த பயன் இது. ஆயினும், விபத்து ஆராய்ச்சி அறிக்கைகளை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். சில பெரு விபத்துகளில், குறை இன்னதென்று எவரும் அறியாமையால் உயிர்கள் மாளவில்லை. குறையை அறிந்தவர் இருந்தனர். அவர்கள் அதனை எடுத்துச் சொல்லவும் செய்தனர். ஆனால், அச்சொல் ஏற வேண்டிய செவியில் ஏறவில்லை. பகைமையோ கொடுமையோ அதற்குக் காரணம் அன்று. போட்டியும், போட்டியால் விளைந்த அவசரமுமே காரணம்.

போட்டி தன்னளவில் தீயது என்று கூறுதல் பொருந்தாது. நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்த முயன்றதனால் விமானங்களின் விரைவு மிகுந்தது. எரிபொருட் செலவு குறைந்தது. செல்வர்க்கே உரியதாய் இருந்த வான்வழி நடுத்தரக் குடும்பத்தார்க்கும் திறந்தது. ஆனால், போட்டி இரண்டு அளவுகோல்களையே பெரிதும் நம்புகின்றது. ஒன்று காலம், மற்றொன்று பணம். எத்தனை நாள் பிந்தியது, எவ்வளவு பொருள் மிஞ்சியது என்று இவற்றை எளிதாக எண்ணிக் காட்டலாம். பாதுகாப்பை அவ்வாறு எண்ணிக் காட்ட இயலாது. நிகழாமற்போன விபத்தைக் கணக்கேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? ஆதலின், எண்ணக்கூடியவை எண்ண இயலாததை மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அமெரிக்க நாட்டு விமானத் தொழிலின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

1960களின் பிற்பகுதியில், அகன்ற உடலும் மூன்று எஞ்சின்களும் உடைய பெரிய விமானங்கள் வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிறுவனங்கள் விரும்பின. மக்டானல் டக்ளஸ் என்னும் நிறுவனம் டி.சி.10 என்ற விமானத்தையும், லாக்ஹீட் என்னும் நிறுவனம் ட்ரைஸ்டார் என்ற விமானத்தையும் செய்ய முற்பட்டன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவின. ஒரே வகையான பயணத்துக்கு உரியன. சந்தையோ இரண்டையும் தாங்கும் அளவு பெரியதன்று. எனவே, முந்தியவர் வெல்வர் என்ற நிலை ஏற்பட்டது. டி.சி.10 முந்தியது. 1970 ஆகஸ்டில் அது முதன்முதலாகப் பறந்தது. 1971 ஆகஸ்டில் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. ட்ரைஸ்டார் 1972 ஏப்ரலில்தான் பயணிகளை ஏற்றியது.

அவ்வாறு முந்திய விமானத்தில் ஒரு கதவு இருந்தது. அதன் குறையை அறிவதற்கு முன், விமானத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். உயரத்தில் காற்று மிகவும் மெலிந்திருக்கும். அங்கே மனிதர் மூச்சுவிட இயலாது. ஆகையால், விமானத்தின் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகின்றனர். உள்ளே அழுத்தம் மிகுதி, வெளியே குறைவு. பல விமானங்களில் கதவு தக்கையைப் போல உட்புறத்திலிருந்து சட்டத்தில் பொருந்துமாறு அமைந்திருக்கும். அழுத்தம் மிக மிக அக்கதவு மேலும் இறுகும். டி.சி.10 விமானத்தின் சரக்கறைக் கதவோ வெளிப்புறமாகத் திறப்பது. சரக்குக்கு இடம் மிகுதியாகக் கிடைக்கும் என்பது அதன் பயன். ஆனால், அழுத்தம் மிக மிக அக்கதவு திறந்துகொள்ளவே முயலும். அதனைத் தடுத்து நிற்பவை கொக்கிகளும், கொக்கிகள் நழுவாதவாறு காக்கும் பூட்டு முளைகளும் மட்டுமே.

சரக்கறைக்கு மேலே பயணிகள் இருக்கும் தளம் உள்ளது. சரக்கறைக் கதவு திடீரெனப் பிய்த்துக்கொண்டு போனால், அங்குள்ள காற்று நொடிப்பொழுதில் வெளியேறிவிடும். மேலேயுள்ள காற்றின் அழுத்தம் தளத்தைக் கீழ்நோக்கி நொறுக்கும். வாலிலுள்ள சுக்கான்களை இயக்கும் கம்பிவடங்கள் அத்தளத்தின் வழியாகவே சென்றன. தளம் நொறுங்கினால் அவையும் சிக்கும்; அல்லது அறும். இது வெறும் கற்பனையன்று. 1970 மே மாதத்தில், விமானம் பறப்பதற்கு முன்பே, தரையில் நடந்த அழுத்தச் சோதனை ஒன்றில் கதவு பிய்ந்து போயிற்று, தளமும் இடிந்தது. பின்னர்ச் சிறு திருத்தங்கள் செய்யப்பட்டன. கதவின் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

1972 ஜூன் 12 அன்று டெட்ராய்ட் நகரிலிருந்து ஒரு டி.சி.10 விமானம் புறப்பட்டது. புறப்படுமுன் சரக்கறைக் கதவின் கைப்பிடி எளிதில் இறங்கவில்லை. சுமைப் பணியாளர் ஒருவர் முழங்காலால் அழுத்தி அதனை மூடினார். வெளியே நின்று பார்ப்போர்க்குக் கதவு பூட்டியதாகவே தோன்றியது. உள்ளே முளைகள் பொருந்தவில்லை. கனடா நாட்டு வின்ட்சர் நகருக்கு மேலே பறந்தபோது கதவு பிய்ந்தது. தளத்தின் பின்பகுதி இடிந்து தொங்கியது. கம்பிவடங்கள் பல அற்றுப்போயின. தலைமை விமானி பிரைஸ் மெக்கார்மிக், இத்தகைய இடர் நேர்ந்தால் என்ன செய்வது என்று எண்ணி, எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பும் முறையைத் தரையிலுள்ள பாவனைக் கருவியில் முன்பே பழகியிருந்தார். அப்பழக்கம் அன்று உதவியது. விமானத்திலிருந்த 67 பேரும் உயிர் பிழைத்தனர்.

ஒருவரும் இறவாத அவ்விபத்து, திருந்துவதற்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. விபத்துகளை ஆராயும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கதவையும் தளத்தையும் திருத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதனைக் கட்டாய ஆணையாக வெளியிடும் அதிகாரம் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிருவாகத்திடம் இருந்தது. ஆனால், ஆணை பிறந்தால் புதிய விமானத்தின் குறை ஊரறியப் பரவும். போட்டியாளர்க்கு அது வாய்ப்பாக முடியும். நிருவாகத்தின் தலைவரும் டக்ளஸ் நிறுவனத்தின் தலைவரும் தொலைபேசியில் பேசினர். கட்டாய ஆணை இல்லாமலே நிறுவனம் குறைகளைச் சரிசெய்துகொள்ளும் என்று முடிவாயிற்று. 'கனவான்களின் உடன்பாடு' என்று பிற்காலத்தார் அதனைக் குறிப்பிடலாயினர். சட்டம் நிற்க வேண்டிய இடத்தில் வாக்குறுதி நின்றது.

டி.சி.10 விமானத்தின் உடற்பகுதியையும் கதவுகளையும் டக்ளஸ் நிறுவனத்துக்காகச் செய்தளித்தது கான்வேர் என்னும் நிறுவனம். அங்கே டான் ஆப்பிள்கேட் என்னும் மூத்த பொறியாளர் பணிபுரிந்தார். வின்ட்சர் விபத்து நிகழ்ந்து பதினைந்து நாள் கழித்து, 1972 ஜூன் 27 அன்று, அவர் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். கதவின் குறையையும் தளத்தின் மெலிவையும் அதில் விளக்கினார். வரும் இருபது ஆண்டுகளுக்குள் இக்கதவுகள் மீண்டும் திறந்துகொள்வது உறுதி என்றும், அப்போது விமானமே அழிந்துவிடும் என்றும் எச்சரித்தார். மேலதிகாரிகள் அவர் கூறியதைப் பொய் என்று தள்ளவில்லை. ஆனால், இதனை டக்ளஸ் நிறுவனத்திடம் வற்புறுத்தினால் திருத்தச் செலவு கான்வேர் தலையில் விழக்கூடும் என்று கருதினர். குறிப்பு கோப்புக்குள் உறங்கியது.

இருபது ஆண்டுகள் செல்லவில்லை. இருபத்தொரு மாதங்களே சென்றன. 1974 மார்ச் 3 அன்று துருக்கி விமான நிறுவனத்தின் டி.சி.10 ஒன்று பாரிசின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. பிரிட்டிஷ் விமான நிறுவனம் ஒன்றில் வேலைநிறுத்தம் நடந்தமையால், வேறு விமானங்களில் செல்லவேண்டிய பயணிகள் பலர் அதில் ஏறினர். சில நிமிடங்களில் சரக்கறைக் கதவு பிய்ந்தது, தளம் நொறுங்கியது, கம்பிவடங்கள் அறுந்தன. விமானம் எர்மனோன்வில் காட்டில் விழுந்து சிதறியது. அதிலிருந்த 346 பேரும் மாண்டனர். பின்னர் நடந்த ஆராய்ச்சியில் மற்றொன்றும் வெளிப்பட்டது. வின்ட்சர் விபத்துக்குப் பின் செய்ய வேண்டிய திருத்தங்கள் அவ்விமானத்தில் முழுமையாகச் செய்யப்படவில்லை. ஆனால், செய்யப்பட்டதாகத் தொழிற்சாலைப் பதிவேட்டில் முத்திரை இடப்பட்டிருந்தது! அதன் பிறகே கட்டாய ஆணைகள் பிறந்தன. கதவும் தளமும் திருந்தின.

இவ்வளவு பேருள் கொலை எண்ணம் கொண்டவர் ஒருவரேனும் உண்டோ? இல்லை. நிறுவனத்தின் நற்பெயரைக் காக்க விரும்பினார் ஒருவர். செலவு தம்மேல் விழாமல் தடுக்க நினைத்தார் மற்றொருவர். குறித்த நாளில் விமானத்தை அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடியில் முத்திரை இட்டார் வேறொருவர். ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலிருந்து பார்த்தபோது, தாம் செய்தது சிறிய காரியம் என்றே எண்ணியிருப்பர். சிறியவை ஒன்றுகூடிய இடத்தில் 346 உயிர்கள் இருந்தன.

எந்த நிறுவனத்துக்கும் எழுதப்பட்ட விதிகள் உண்டு. எழுதப்படாத வழக்கங்களும் உண்டு. 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதப்படாத தொழிற்சாலைச் சுவர் இராது. ஆனால், பணியாளர் அந்தச் சுவரைப் பார்த்துப் பாடம் கற்பதில்லை. குறையை எடுத்துச் சொன்ன ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தே கற்கின்றனர். அவருக்கு நன்றி கிடைத்தால் மற்றவரும் வாய் திறப்பர். 'வேலையைத் தாமதப்படுத்துகிறவர்' என்ற பெயர் கிடைத்தால் மற்றவர் வாய் மூடுவர். இந்த எழுதப்படாத வழக்கத்தையே நிறுவனத்தின் பண்பாடு என்கிறோம். அரசனுக்கு அறிவுரை கூறித் திருத்தும் சான்றோர் வேண்டும் என்பதற்காகத் திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வறிவுரை அரண்மனைக்கு மட்டும் உரியதன்று, தொழிற்சாலைக்கும் உரியது.

சொல்லப்பட்ட சொல் ஒரு நிறுவனத்துக்குள்ளே கேட்கப்பட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதை அதே 1974ஆம் ஆண்டு காட்டியது. டிசம்பர் 1 அன்று, டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் ஒன்று வாசிங்டனை அடுத்த டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கியபோது, வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு மலையில் மோதியது. 92 பேர் இறந்தனர். தரையிலிருந்து கிடைத்த அனுமதிச் சொல்லை, இனித் தாழப் பறக்கலாம் என்று விமானிகள் பொருள் கொண்டதே காரணம். அதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், யுனைடெட் என்னும் மற்றொரு நிறுவனத்தின் விமானிகளும் அதே இடத்தில் அதே சொல்லை அவ்வாறே பொருள்கொண்டு, மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தனர். அவர்கள் நிகழ்ந்ததை மறைக்காமல் தம் நிறுவனத்தில் கூறினர். நிறுவனமும் தன் விமானிகள் அனைவரையும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை வேலியைத் தாண்டி மற்ற நிறுவனங்களுக்குச் செல்வதற்கு அன்று வழி இல்லை. மலைக்கோ இந்த நிறுவனம், அந்த நிறுவனம் என்ற வேறுபாடு தெரியாது.

அத்துயரம் ஒரு நல்ல ஏற்பாட்டைத் தோற்றுவித்தது. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் விமானப் பாதுகாப்பு அறிவிப்பு முறை ஒன்று தொடங்கப்பட்டது. விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டாளரும் பிறரும் தாம் கண்ட குறையையும், தாம் செய்துவிட்ட பிழையையும் அதற்கு எழுதி அனுப்பலாம். எழுதியவர் பெயர் வெளிப்படாமல் காக்கப்படும். தண்டிக்கும் அதிகாரமுள்ள நிருவாகத்திடம் இப்பணியை ஒப்படைத்தால் எவரும் அஞ்சி எழுதார் என்று கருதி, விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய நாசாவிடம் அதனை ஒப்படைத்தனர். அன்று முதல் இலட்சக்கணக்கான அறிவிப்புகள் வந்து குவிந்துள்ளன. அவற்றிலிருந்து திரட்டிய அறிவு எல்லா நிறுவனத்தார்க்கும் பொதுவாயிற்று. பயணச்சீட்டின் விலையில் போட்டியிடலாம்; பாதுகாப்பைப் பற்றிய அறிவைப் பகிர்ந்துகொள்ளவே வேண்டும் என்னும் நெறி இதனால் வலுப்பெற்றது.

ஆயினும், ஒரு தலைமுறை கற்ற பாடத்தை அடுத்த தலைமுறை மீண்டும் கற்க வேண்டியிருக்கின்றது. 1997இல் மக்டானல் டக்ளஸ் நிறுவனம் போயிங் நிறுவனத்தோடு இணைந்தது. 2001இல் போயிங்கின் தலைமையகம், விமானங்கள் செய்யப்படும் சியாட்டில் வட்டாரத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மைலுக்கு அப்பாலுள்ள சிகாகோவுக்கு மாறியது. அதன்பின் அங்கே பொறியாளரின் சொல்லைவிடக் கணக்கரின் சொல்லே மேலோங்கியது என்று அந்நிறுவனத்தில் நெடுநாள் பணிபுரிந்தோர் பலர் கூறியுள்ளனர்.

அக்காலத்தில் போயிங்கின் பெரும் போட்டியாளராக ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனம் விளங்கியது. 2010 டிசம்பரில் அது எரிபொருளை மிச்சப்படுத்தும் புதிய எஞ்சின்களோடு ஏ320 நியோ என்ற விமானத்தை அறிவித்தது. 2011 ஜூலையில், போயிங் விமானங்களையே நெடுங்காலம் வாங்கிவந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், ஏர்பஸ்ஸிடம் 260 விமானங்களும் போயிங்கிடம் 200 விமானங்களும் வாங்க முடிவு செய்தது. புதிய விமானம் ஒன்றை முதலிலிருந்து வரைவதற்குப் போயிங்குக்குக் காலம் இல்லை. 1967இல் முதன்முதலாகப் பறந்த 737 விமானத்துக்கே புதிய எஞ்சின்களைப் பொருத்தி, '737 மேக்ஸ்' என்ற பெயரில் விற்பது என்று அடுத்த மாதமே முடிவாயிற்று.

புதிய எஞ்சின்கள் உருவில் பெரியவை. அவற்றை இறக்கையின் முன்னே, சற்று உயர்த்திப் பொருத்த வேண்டியதாயிற்று. அதனால், சில வேளைகளில் விமானத்தின் மூக்கு பழைய விமானத்தைவிட எளிதாக மேலே எழும்பும் இயல்பு உண்டாயிற்று. அதனை ஈடுசெய்ய, மூக்கைத் தானே கீழே தாழ்த்தும் 'எம்காஸ்' என்னும் கணினி ஏற்பாட்டைச் சேர்த்தனர். காற்றை விமானம் எந்தக் கோணத்தில் எதிர்கொள்கின்றது என்று அளக்கும் உணர்கருவிகள் இரண்டு இருந்தும், எம்காஸ் ஒரு நேரத்தில் ஒன்றின் சொல்லையே கேட்டது. அந்த ஒன்று பழுதுபட்டுப் பொய் கூறினால், எம்காஸ் அதனை மெய்யென்று நம்பி, மூக்கை மீண்டும் மீண்டும் தாழ்த்தும். சோதனையின் இடையில் அதன் வலிமை முதலில் திட்டமிட்டதைவிடப் பன்மடங்கு கூட்டப்பட்டது.

இத்தகைய ஏற்பாட்டை விமானிகளுக்கு விளக்கியிருக்க வேண்டாமா? இங்கேதான் போட்டி குறுக்கே நின்றது. பழைய 737 விமானத்தைச் செலுத்தியவர் பாவனைக் கருவியில் புதுப் பயிற்சி பெறாமலே மேக்ஸ் விமானத்தைச் செலுத்தலாம் என்பது, அதனை வாங்குவோர்க்குப் போயிங் காட்டிய பெருங்கவர்ச்சி. அத்தகைய பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்குப் பத்து இலட்சம் டாலர் தள்ளுபடி தருவதாகச் சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு அது வாக்களித்தும் இருந்தது. எம்காஸைப் பெரிதாக எடுத்துரைத்தால் பயிற்சி தேவை என்ற பேச்சு எழும். ஆதலின், விமானிகளின் கையேட்டில் அதன் விளக்கம் இடம்பெறவில்லை. கணினித் திரையில் ஒரு சிறு பாடம் படித்துவிட்டு அவர்கள் புதிய விமானத்தில் ஏறினர்.

இங்கும் கேள்வி கேட்டவர் இல்லாமற் போகவில்லை. 2015 டிசம்பரில் போயிங் பொறியாளர் ஒருவர், ஓர் உணர்கருவி மட்டும் பழுதுபட்டால் எம்காஸால் ஆபத்து நேராதா என்று மின்னஞ்சலில் வினவினார். வினா எழுந்தது, அமைப்பு மாறவில்லை. அரசாங்கத்தின் சார்பில் விமானத்தைச் சோதிக்கும் பொறுப்பில் ஒரு பகுதி, சட்டப்படியே, நிறுவனத்தின் ஊழியர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 2016இல் அத்தகைய ஊழியரிடையே நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில், விடையளித்தோருள் நூற்றுக்கு 39 பேர் தகாத நெருக்குதலை உணர்வதாகக் கூறினர். குறித்த நாளை நினைவூட்டும் கடிகாரம் ஒன்று கூட்ட அறைச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது.

2018 அக்டோபர் 29 அன்று, ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் நிறுவனத்தின் மேக்ஸ் விமானம் ஜாவாக் கடலில் விழுந்தது. 189 பேர் மாண்டனர். பழுதுபட்ட ஓர் உணர்கருவியின் சொல்லை நம்பி, எம்காஸ் இருபது முறைக்கு மேல் மூக்கைத் தாழ்த்தியிருந்தது. இந்தோனேசிய ஆராய்ச்சியாளர் அவ்விபத்துக்கு ஒன்பது காரணங்களைக் கண்டனர். பழுதுபார்த்தோரின் பிழையும் அவற்றுள் அடங்கும். முதல் நாள் அதே விமானத்தைச் செலுத்தியவர்களுக்கும் அதே இடர் நேர்ந்தது. அவர்கள் வால்தகட்டின் மின்விசையை நிறுத்திச் சமாளித்தனர். ஆனால், நிகழ்ந்தது முழுவதும் குறிப்பேட்டில் ஏறவில்லை. மறுநாள் விமானம் ஏறியவர் எதையும் அறியாமலே ஏறினர்.

அதன் பிறகுதான் எம்காஸ் என்ற பெயரையே விமானிகள் பலர் கேள்வியுற்றனர். திருத்தம் செய்யாமல் விட்டால், இவ்வகை விமானங்களின் வாழ்நாளுக்குள் இன்னும் ஏறத்தாழ பதினைந்து விபத்துகள் நேரலாம் என்று விமானப் போக்குவரத்து நிருவாகமே அந்த ஆண்டு டிசம்பரில் மதிப்பிட்டது. ஆயினும், திருத்தம் ஆயத்தமாகும்வரை விமானங்கள் பறக்கலாம் என்று விடப்பட்டன. ஆப்பிள்கேட்டின் குறிப்பைப் போலவே இம்மதிப்பீடும் கோப்பில் கிடந்தது. 2019 மார்ச் 10 அன்று, அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குப் புறப்பட்ட எத்தியோப்பிய மேக்ஸ் விமானம் ஆறே நிமிடத்தில் தரையில் மோதியது. 157 பேர் மாண்டனர். 189உம் 157உம் சேர்ந்தால் 346. பாரிசுக்கு அருகே 1974இல் மாண்டவர் தொகையும் அதுவே. எண்கள் ஒத்தது தற்செயல். காரணங்கள் ஒத்தது தற்செயல் அன்று.

உலகெங்கும் மேக்ஸ் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. எம்காஸ் இரண்டு உணர்கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு திருத்தப்பட்டது. பாவனைக் கருவியில் பயிற்சி கட்டாயமாயிற்று. ஏறத்தாழ இருபது மாதம் கழித்து, 2020 நவம்பரில், அமெரிக்காவில் அவை மீண்டும் பறக்க அனுமதி பெற்றன. எந்தப் பயிற்சிச் செலவைத் தவிர்க்க எண்ணினரோ, அதுவே இறுதியில் வந்து சேர்ந்தது. அதற்குமேல், இந்நெருக்கடியால் நேரும் செலவு 1,800 கோடி டாலருக்கு மேற்படும் என்று போயிங் நிறுவனமே 2020 ஜனவரியில் மதிப்பிட்டிருந்தது. பணத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்க்கும் இது நட்டக் கணக்கே. இழந்த உயிர்களுக்கோ கணக்கு இல்லை.

பண்பாடு ஒரே நாளில் கெடுவதில்லை. ஒரே நாளில் திருந்துவதும் இல்லை. 2024 ஜனவரி 5 அன்று, போர்ட்லாந்து நகரிலிருந்து எழுந்த ஒரு மேக்ஸ் விமானத்தின் பக்கவாட்டில், கதவிடத்தை அடைத்திருந்த பலகை ஏறத்தாழ 14,800 அடி உயரத்தில் பிய்ந்து போயிற்று. அதனைப் பிணைக்க வேண்டிய நான்கு திருகாணிகள் தொழிற்சாலையிலேயே திரும்பப் பொருத்தப்படாமல் விடப்பட்டன என்பது ஆராய்ச்சியில் தெரிந்தது. அப்பலகையைக் கழற்றிய வேலை பதிவேட்டில் எழுதப்படவே இல்லை. நற்பேறாக ஒருவரும் இறக்கவில்லை. வின்ட்சரில் கிடைத்தது போன்ற வாய்ப்பு அது.

போட்டியை ஒழிக்க வேண்டும் என்பது இவ்வரலாறு கூறும் முடிவு அன்று. ஓட்டப்பந்தயத்துக்கும் கோடு உண்டு. கோட்டைத் தாண்டி ஓடியவன் முந்தினாலும் வென்றவன் ஆகான். விமானத் தொழிலில் அந்தக் கோடு வாய்மையாகும். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதாமை ஒரு வாய்மை. கண்ட குறையைக் கண்டவாறு கூறுதல் மற்றொரு வாய்மை. கூறியவரைச் சினவாமல், அவர் கூறியது மெய்யா என்று ஆராய்தல் இவற்றினும் பெரிய வாய்மை. முன்னவை இரண்டும் பணியாளரின் கடமை. பின்னது தலைவரின் கடமை. தலைவர் தம் கடமையில் தவறினால், பணியாளரின் வாய்மை கோப்புக்குள் முடங்கும் தாளாகவே நின்றுவிடும்.

இக்காலத்து மாணவர் நாளைப் பொறியாளராவர், தொழிலாளராவர், அதிகாரிகளாவர், நிறுவனங்களின் தலைவர்களும் ஆவர். அவர்கள் இடப்போகும் ஒவ்வொரு முத்திரைக்கும் பின்னால் முன்பின் அறியாத மக்கள் அமர்ந்திருப்பர். அம்மக்கள் எதையும் கேட்கமாட்டார்கள், நம்பி ஏறுவார்கள். நாள் நெருங்கிவிட்டது, செலவு மிகுந்துவிட்டது, போட்டியாளர் முந்திவிடுவார் என்னும் குரல்கள் உரத்து ஒலிக்கும் வேளையில், 'இது சரியாக இல்லை' என்று தாழ்ந்த குரலில் ஒருவர் சொல்வார். அந்தத் தாழ்ந்த குரலைச் சொல்லத் துணிவதும், அதற்குச் செவிகொடுப்பதுமே நம்பி ஏறிய மக்களைக் காப்பனவாகும்.